புற்றுநோய்த் தடுப்பு: எதற்கு முதலில் கவலைப்பட வேண்டும்?

புற்றுநோயைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மிடையே இரண்டு கதைகள் வந்து நிற்கும். வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவர், மதுவின் வாடையே அறியாதவர், அவருக்குப் போய் இந்த நோய் வந்துவிட்டதே என்பது ஒன்று. எண்பது வயது வரை நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்த தாத்தா கடைசி வரை திடமாக நடமாடினாரே என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இவ்விரண்டையும் சேர்த்து வைத்து, நம் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் தலையெழுத்து என்று முடிவு கட்டுவதில்தான் பிழை இருக்கிறது. இன்று அறியப்பட்டுள்ள வழிமுறைகளை முறையாகக் கடைப்பிடித்தால் புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை வராமலே தடுக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மீதமுள்ளவை வயது, பரம்பரை, தற்செயல் என நமக்குக் கட்டுப்படாத காரணங்களால் வருகின்றன. ஆகவே நல்ல பழக்கங்கள் நோய் வரவே வராது என்ற உத்தரவாதத்தைத் தருவதில்லை. வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன, சிலவற்றில் மிகப் பெருமளவு குறைக்கின்றன.

எந்தப் பழக்கம் எவ்வளவு குறைக்கிறது என்ற கணக்கைத் தெரிந்துகொள்வதே முதல் தேவை. ஏனென்றால், நம்மில் பலர் மைக்ரோவேவ் அடுப்பைக் கண்டு அஞ்சிக்கொண்டே வாயில் பாக்கை அடக்கி வைத்திருக்கிறோம்.

நோய் எப்படித் தொடங்குகிறது

நம் உடலின் செல்கள் தேய்ந்து அழிவதும் புதியவை பிறப்பதும் ஓயாமல் நடக்கும் வேலை. ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும், அதன் உட்கருவில் டி.என்.ஏ. வடிவில் இருக்கும் தகவல் முழுவதும் படியெடுக்கப்படுகிறது. பழைய சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் ஏடெழுதியவர்கள் எவ்வளவு கருத்தாக இருந்தாலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்துப்பிழை நேர்ந்ததைப் போல, இந்தப் படியெடுப்பிலும் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றை உடலே கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. திருத்த முடியாத அளவுக்குப் பழுதான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. பி53 என்ற புரதத்துக்கு அதில் முக்கியப் பங்குண்டு. வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களிலும், அதற்குக் கடிவாளம் போடும் மரபணுக்களிலும், பழுது பார்க்கும் மரபணுக்களிலும் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, தடுப்பாரின்றி ஒரு செல் பெருகத் தொடங்கும்போதுதான் புற்றுநோய் உருவாகிறது. இதற்குப் பத்து, இருபது, சில வேளைகளில் முப்பது ஆண்டுகள்கூட ஆகும். இருபது வயதில் தொற்றிக்கொண்ட பழக்கத்தின் விளைவு ஐம்பதில் தலைகாட்டுவதால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் பழக்கங்கள் இந்த நிகழ்வில் இரண்டு வழிகளில் தலையிடுகின்றன. புகையிலைப் புகை, மது உடைந்து உண்டாகும் பொருள், பூசணம் பிடித்த தானியத்தின் நஞ்சு போன்றவை டி.என்.ஏ.வை நேரடியாகச் சிதைக்கின்றன. நாள்பட்ட தொற்று, ஆறாத புண், அளவு மீறிய ஹார்மோன் சுரப்பு போன்றவையோ செல்களை அடிக்கடி பிரியத் தூண்டிப் பிழைகளுக்கான வாய்ப்பைப் பெருக்குகின்றன. பின்வரும் பத்திகளில் பேசப்படும் காரணங்கள் பெரும்பாலும் இவ்விரண்டு வழிகளில் ஒன்றிலோ இரண்டிலுமோ செயல்படுபவை.

புகையிலையும் பாக்கும்

வரிசையில் முதலிடம் புகையிலைக்கு. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. 1950இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து சிகரெட்டுடன் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பிரிட்டிஷ் மருத்துவர்களையே பல்லாயிரக்கணக்கில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள்; அரை நூற்றாண்டுக் காலம் அந்த மருத்துவர்களின் பழக்கமும் இறப்பும் கணக்கெடுக்கப்பட்டன. 2004இல் வெளியான அதன் முடிவுகளில் நமக்கு மிகவும் பயன்படும் செய்தி ஒன்று உண்டு: 60 வயதில் புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட ஆயுள் ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடியது, 50 வயதில் நிறுத்தியவர்களுக்கு 6, 40 வயதில் நிறுத்தியவர்களுக்கு 9, 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு 10 ஆண்டுகள் கூடின. "இத்தனை வருஷம் குடித்தாயிற்று, இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

புகை நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. அதில் உள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களில் எழுபதளவு புற்றுநோயை உண்டாக்க வல்லவை; அவை இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுகின்றன. சிறுநீரகம் அவற்றை வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்கிறது, அந்தச் சிறுநீர் மணிக்கணக்கில் தங்கும் இடமான சிறுநீர்ப்பையின் உட்சுவர் அவற்றில் ஊறுகிறது. புகைப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவது ஏன் என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை. கணையம், உணவுக்குழாய், குரல்வளை, சிறுநீரகம், கருப்பைவாய் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது.

ஆனால் நம் நாட்டில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்களே அதிகம். 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 10.7 விழுக்காட்டினர் புகைத்தார்கள். புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தியவர்கள் 21.4 விழுக்காட்டினர். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று பலர் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்கலாம். பாக்கு தனித்த நிலையிலேயே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தன் ஆய்வுத் தொகுதியில் வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் மதுவும் இருக்கும் அதே முதல் பிரிவில்தான் பாக்கும் இருக்கிறது. பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற பொருள்கள் கன்னத்தின் உட்புறத் தசையில் நார்த்திசு அளவுக்கு மீறிப் படியச் செய்கின்றன. முதலில் காரமான குழம்பை வாயில் வைத்தாலே எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறிப்போய், தொட்டால் தோல்பட்டையைப் போல விறைப்பாகத் தெரியும். அதன் பின் வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். பெரும்பாலானவர்களால் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்க முடியும். இரண்டு விரல்களே சிரமப்பட்டு நுழைகின்றன என்றால் உடனே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விறைத்துப்போன திசு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இப்படி வாய் விறைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அதே இடத்தில் பின்னாளில் புற்றுநோய் வருகிறது.

தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கை வைப்பது நம் மரபு, அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வரும் ஏழு வயதுப் பிள்ளையின் கையில், இனிப்பும் வாசனையும் சேர்த்த பாக்குப் பொட்டலத்தைக் கொடுத்துப் பழக்குவதைத்தான் நிறுத்த வேண்டும் என்பேன். குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை விதிக்கப்பட்டது. தடைக்குப் பிறகும் அவை எங்கே, எப்படிக் கிடைக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. பழக்கத்தை விட விரும்புபவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது; நிக்கோட்டின் பசை மிட்டாயும் மாத்திரைகளும் மருத்துவர் ஆலோசனையுடன் கிடைக்கின்றன. மனஉறுதி மட்டும் போதும் என்று தனியாகப் போராடித் தோற்பதைவிட இவற்றின் துணையை நாடுவது மேல்.

மது

மது புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1988ஆம் ஆண்டிலேயே உறுதிசெய்யப்பட்டது என்றாலும், குடிப்பவர்களில் பலருக்குக் கல்லீரல் கெட்டுப்போகும் என்பது தெரிந்த அளவுக்கு இது தெரியவில்லை. உடலுக்குள் சென்ற மது அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறுகிறது, அது டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களோடு மதுவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7.4 இலட்சம் புதிய புற்றுநோய்களுக்கு மதுவே காரணம் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பீர், ஒயின், பிராந்தி என்ற வேறுபாடு இதில் இல்லை; உள்ளே போகும் ஆல்கஹாலின் அளவுதான் கணக்கு. குடித்துக்கொண்டே புகைப்பவருக்கு வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிடவும் அதிகமாகப் பெருகுகிறது, ஏனெனில் மது வாய், தொண்டையின் உட்புற மென்சவ்வின் காவலைத் தளர்த்திப் புகையின் நச்சுகளுக்கு வழிவிடுகிறது.

தொற்று வழியாக வரும் புற்றுநோய்கள்

புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. நோயாளியோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. ஆயினும் சில புற்றுநோய்களைத் தூண்டிவிடும் கிருமிகள் தொற்றக்கூடியவை. தடுப்பில் மிகத் தெளிவான வெற்றி கிடைத்திருக்கும் பகுதி இதுதான்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனப்படும் ஒரு வைரஸ் குடும்பம். இதைக் கண்டறிந்த ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலுறவு வழியாகப் பரவும் இந்த வைரஸ், வாழ்நாளில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றி, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே விலகிவிடுகிறது. விலகாமல் தங்கிவிட்டால் பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு வெட்கப்படுவது பொருளற்றது. திருமண வாழ்க்கையில் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் இது வரலாம். இந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். இரண்டுக்கும் எதிராகத் தடுப்பூசி இருக்கிறது. வைரஸ் தொற்றுவதற்கு முன்பே, அதாவது 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போட்டுவிடுவது சிறந்தது. அந்த வயதில் ஒரே தவணைகூடப் போதுமான பாதுகாப்பைத் தரும் என்பது 2022 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் 2023இல் விற்பனைக்கு வந்த பிறகு விலையும் குறைந்திருக்கிறது.

தடுப்பூசிக் காலத்தைக் கடந்துவிட்ட பெண்களுக்குப் பரிசோதனையே காவல், அதற்கான சான்று திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம், பயிற்சி பெற்ற செவிலியர்கள் மிக எளிய ஒரு சோதனையைச் செய்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளை, பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். மாறுபடத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெண்திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில் தகுதியானவர்களுக்கு உறைகுளிர்ச் சிகிச்சையால் அந்த இடத்தை அழித்துவிடலாம். 2007இல் வெளியான முடிவின்படி, இந்தச் சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்புகள் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பெரிய ஆய்வகமும் விலையுயர்ந்த கருவியும் இல்லாமலேயே உயிர்களைக் காக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. அதை இன்னும் நம் வீட்டுப் பெண்கள் பலர் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் வருத்தம்.

மற்றொரு வைரஸ் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி. இது கல்லீரலில் நிலைத்துத் தங்கிவிட்டால் அங்கே புற்றுநோய் வரக்கூடும். தைவான் 1984இல் பச்சிளம் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசியைப் போடத் தொடங்கிய பிறகு, அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டின் அரசுத் தடுப்பூசித் திட்டத்திலும் இது இருக்கிறது; குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போடப்பட்டதா என்று பெற்றோர் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரைப்பையில் குடியேறும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பைப் புண்ணையும், சிலருக்குப் புற்றையும் உண்டாக்குகிறது. ஆறாத வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியே காலம் தள்ளாமல் மருத்துவரைக் கேட்டால், சோதித்துப் பார்த்து நோய்க்கொல்லி மருந்தால் அதை அகற்றிவிட முடியும்.

எடை, நடை, தட்டு

உடற்கொழுப்பு வெறுமனே சேமிப்புக் கிடங்காக இருப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. கொழுப்பு மிகும்போது இன்சுலின் அளவு உயர்கிறது, தாழ்நிலை அழற்சி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. மார்பகம், கருப்பை உட்சுவர், பெருங்குடல், கல்லீரல் உட்பட 13 வகைப் புற்றுநோய்களோடு உடற்பருமனுக்குத் தொடர்பு இருப்பது நிறுவப்பட்டுள்ளது. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வதால், தோற்றத்தில் ஒல்லியாக இருப்பவரும் இடுப்புச் சுற்றளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

சென்னையின் பதிவேடுகள் இதைப் பெரிய அளவில் காட்டுகின்றன. 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம் பராமரித்து வரும் பதிவேட்டில், பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்றுநோய் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. தாமதமான முதல் பிரசவம், குறைந்த குழந்தைகள், குறுகிய காலத் தாய்ப்பாலூட்டல், கூடிய எடை, குறைந்த உடலுழைப்பு ஆகிய எல்லாம் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. பிள்ளை பெறும் வயதை எண்ணிக் கவலைப்படுவதால் பயனில்லை, அது வேறு பல கணக்குகளைச் சார்ந்தது. எடையும் நடையும் தாய்ப்பாலும் ஓரளவு நம் வசத்தில் இருப்பவை.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது பரிந்துரை. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் அதுவே மிதமான உழைப்பு. உணவைப் பொறுத்தவரை, தட்டில் குவியும் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரை, பொரியல், கூட்டு, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். நார்ச்சத்து பெருங்குடலைக் காக்கிறது. பதப்படுத்திய இறைச்சியான சாசேஜ், ஹாம், பேக்கன் ஆகியவை, பாக்கு இருக்கும் அதே முதல் பிரிவில் 2015இல் சேர்க்கப்பட்டன. உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துவது இரத்த அழுத்தத்துக்கும் இரைப்பைக்கும் சேர்த்தே நன்மை. பூசணம் பூத்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம். அதில் உள்ள அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் முழுவதும் அழியாத கல்லீரல் நஞ்சு.

காய்கறி நல்லதென்றால் அதன் சத்தை மாத்திரையாகவே விழுங்கலாமே என்று தோன்றும். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 விழுக்காடு அதிகமாக வந்ததாக 1994இல் தெரியவந்தது. கேரட்டைச் சாப்பிடுவதும் கேரட்டிலிருந்து பிரித்த ஒரு பொருளை மிகை அளவில் விழுங்குவதும் ஒன்றல்ல என்பதை அந்த ஆய்வு நிறுவியது.

வாட்ஸ்அப்பில் வருபவை

மைக்ரோவேவ் அடுப்பின் கதிர்களுக்கு டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆற்றல் கிடையாது. சர்க்கரையை அறவே நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகும் என்பதும் சரியல்ல. உடலின் எல்லாச் செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன, அளவுமீறிய சர்க்கரை எடையைக் கூட்டுவதன் வழியாகவே கெடுதல் செய்கிறது. முள் சீத்தாப்பழம் கீமோதெரபியைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையானது என்று சுற்றும் செய்திக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வு எதுவும் ஆதாரமாக இல்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுக்கப்படுவது உண்மைதான். அதற்காக அந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்தால் நரம்புகளுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் தீங்கு நேரலாம்; மருந்தும் நஞ்சும் அளவில்தான் பிரிகின்றன.

முன்கூட்டியே கண்டறிதல்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் நோய் வரலாம் என்று தொடக்கத்தில் சொன்னதன் மறுபக்கம் ஒன்று உண்டு. நோய் வந்தவரிடம் "என்ன சாப்பிட்டாய், என்ன பழக்கம்" என்று விசாரணை நடத்துவது கொடுமை, மருத்துவத்தில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. பயன் தருவது, காலத்தோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுதான். இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், கன்னத்தின் உட்புறம் தெரியும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு வரும் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், விழுங்குவதில் சிரமம், காரணமின்றி இறங்கும் எடை ஆகியவற்றில் எது வந்தாலும் காட்டிவிட வேண்டும். பெரும்பாலும் அது வேறு ஏதேனும் சாதாரணக் காரணமாகவே இருக்கும்.

30 வயது நிறைந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது அரசின் தேசியத் திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றி இது நடக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கப் போகும் அன்றே இதையும் செய்துகொள்ளலாம். மருத்துவர் சொல்லும் வரை காத்திருக்காமல் நாமே கேட்க வேண்டும். அம்மா, அக்கா, சித்தி என்று நெருங்கிய உறவில் இளம் வயதில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அத்தகைய குடும்பங்களில் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது, எந்த முறையில் செய்வது என்பதே மாறிவிடும்.